உதிர்ந்ததைப் பொறுக்கும் கலை

வாசனைத் திரவியப் பெட்டிகளின் பின்புறத்தில் ‘டோங்கா’ என்ற பெயர் இப்போது அடிக்கடி கண்ணில் படுகிறது. விளம்பரக்காரர்கள் அதை இனிப்பு மணம் என்கிறார்கள். பாதிதான் உண்மை. டோங்கா என்பது ஒரு மரத்தின் விதை. அதை ஜாதிக்காய்த் துருவியில் இரண்டு இழுப்பு இழுத்து முகர்ந்து பாருங்கள். முதலில் எழுவது வாதுமையின் கசப்பு. அடுத்து புகையிலை, வெயிலில் காய்ந்த வைக்கோல், அடுப்பில் நிறம் மாறத் தொடங்கிய சர்க்கரை. கடைசியில் பட்டையின் மெல்லிய காரம். பட்டை வருவதற்குக் காரணம் உண்டு. நம் மளிகைக் கடைகளில் பிரியாணிக்கு வாங்கும் தடித்த பட்டையில் உள்ள கூமரின் என்ற சேர்மம்தான் டோங்காவுக்கும் உயிர்நாடி.

மரம் தென் அமெரிக்காவின் வடபகுதிக் காடுகளைச் சேர்ந்தது. டிப்டெரிக்ஸ் ஓடொராட்டா என்பது தாவரவியல் பெயர். அவரைக் குடும்பம். பிரேசிலில் அமேசான் கரையோரமுள்ள சாந்தாரெம், அலென்கெர், ஓபிடோஸ் வட்டாரங்களில் இதைக் குமாரு என்பார்கள். வெனிசுவேலாவில் சர்ராபியா. அங்கே ஒரினோகோவில் வந்து கலக்கும் கவுரா ஆற்றின் படுகை இந்த விதைக்குப் பேர்போனது.

கவுராவில் இதைப் பொறுக்குகிறவர்களுக்குச் சர்ராபியேரோ என்று பெயர். மழை ஓய்ந்த மாதங்களில் பழம் உதிரத் தொடங்கியதும் படகேறி ஆற்றின் மேல்பக்கம் போவார்கள். காட்டுக்குள்ளேயே கூடாரம் போட்டுத் தங்கிவிடுவார்கள். மரம் ஏறுவதில்லை, கிளையை உலுக்குவதில்லை. இருபத்தைந்து, முப்பது மீட்டர் உயரம் போகும் மரத்தை உலுக்கவும் முடியாது. கீழே விழுந்தது மட்டுமே கணக்கு. ஒரு மரத்துக்கும் அடுத்த மரத்துக்கும் இடையே நெடுந்தூரம் நடக்க வேண்டியிருக்கும். எது எங்கே நிற்கிறது என்று தெரியாதவன் காட்டில் சுற்றிவிட்டு வெறுங்கையோடு திரும்புவான்.

பழத்தில் சதை மெல்லியது, நடுவில் காய்ந்த மாங்கொட்டை போல நாரோடிய ஓடு. இந்தச் சதைக்கு வௌவால்கள் அலையும். பழத்தைக் கவ்விக்கொண்டு வேறொரு மரத்துக்குப் பறந்துபோய், சதையைச் சுரண்டித் தின்றுவிட்டுக் கொட்டையைக் கீழே போட்டுவிடும். அதனால் தாய்மரத்தடியைப் பார்த்தால் மட்டும் போதாது. வௌவால் உட்கார்ந்து தின்கிற மரத்தடியையும் தேடிப் பார்க்க வேண்டும்.

தொழிலின் வித்தை ஓடு உடைப்பதில் இருக்கிறது. கொட்டையை விளிம்பு மேலாகத் தட்டைக் கல்லில் நிறுத்தி, இன்னொரு கல்லாலோ சுத்தியலாலோ ஓர் அடி. அடி மெலிந்தால் நார் நசுங்குமே தவிர ஓடு பிளக்காது. ஓங்கிப் போட்டால் உள்ளே இருப்பதும் நொறுங்கும், முழு விதைக்குள்ள விலை உடைந்த விதைக்குக் கிடைக்காது. ஒரு கொட்டைக்கு ஒரே ஒரு விதை, அதுவும் விரல் கணுவளவு. கிலோ சேர நூற்றுக்கணக்கான அடிகள் விழுந்தாக வேண்டும்.

அப்புறம் உலர்த்தல். அன்று உடைத்த விதையில் நமக்குத் தெரிந்த டோங்கா மணம் முழுதாக இருக்காது. நாள்கள் போகப் போக விதை சுருங்கி, கறுத்து, மேல்தோல் வரிவரியாகும்போதுதான் மணம் திறக்கும். அவசரப்பட்டு மூட்டை கட்டினால் பூஞ்சை பிடிக்கும். டிரினிடாட் தீவின் வணிகர்கள் முற்காலத்தில் இதற்கு ஒரு படி மேலே போனார்கள். விதைகளைக் காட்டமான ரம்மில் ஊறப்போட்டு மறுபடி உலர்த்துவார்கள். கூமரின் வெளியே கசிந்து, கறுத்த தோலின் மேல் வெள்ளைப் பொடியாகப் படியும். அந்தப் பூப்பு சந்தையில் தரத்தின் அடையாளமாக மதிக்கப்பட்டது. மணத்தைவிடக் கண்ணுக்கே அது அதிகம் விருந்து என்பது என் எண்ணம். ஆனாலும் பூத்த விதையைக் கையில் வாங்கினால் யாருக்கும் கீழே வைக்க மனம் வராது.

இந்த வெள்ளைப் படிகத்தை 1820-இல் மியூனிக்கில் ஃபோகல் என்ற வேதியியலாளர் டோங்காவிலிருந்து தனியே பிரித்தார். அதையே 1868-இல் ஆய்வுக்கூடத்தில் ஆக்கிக் காட்டியவர் வில்லியம் ஹென்றி பெர்கின், ஊதாச் சாயத்தால் அதற்கு முன்பே பெயர் பெற்றவர். 1882-இல் ஊபிகான் நிறுவனத்துக்காகப் பால் பார்க்கே அந்தச் செயற்கைக் கூமரினைத் தாராளமாகச் சேர்த்து ஃபூஜேர் ரோயால் என்ற வாசனையை அமைத்தார். ‘அரச பெரணி’ என்று பொருள். பெரணிச் செடிக்குச் சொல்லிக்கொள்ளும்படி மணமே கிடையாது! இல்லாத ஒன்றின் மணத்தைக் கற்பனையில் செய்த அந்தத் துணிச்சலிலிருந்து ஒரு பெரும் வாசனைக் குடும்பமே கிளைத்தது. இன்றைய ஆண்களுக்கான சவர லோஷன்களில் பல அதன் பேரப்பிள்ளைகள்தாம். 1889-இல் வந்த, கெர்லான் நிறுவனத்தின் ஜிக்கி என்ற வாசனையிலும் கூமரின் உண்டு.

ஆகவே செயற்கைக் கூமரினைத் திட்டித் தீர்க்கும் இயற்கைப் பித்தர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. ஆனால் காகிதப் பட்டைகள் இரண்டை எடுத்து, ஒன்றில் அதையும் மற்றதில் டோங்கா அப்சல்யூட்டையும் தொட்டு வைத்தால் வித்தியாசம் புரியும். அப்சல்யூட் என்பது விதையிலிருந்து கரைப்பான் கொண்டு இறக்கிய சாறு. அறைச் சூட்டில் படிகம் கட்டிக் கிடக்கும், இளஞ்சூடு காட்டினால்தான் இளகும். செயற்கைச் சரக்கு தொடங்கிய இடத்திலேயே நிற்கும், சுத்தமாக, கொஞ்சம் வறட்சியாக. அப்சல்யூட்டோ வாதுமையில் தொடங்கி, உலர்பழத்துக்குப் போய், மாலையில் புகையிலையும் தோலுமாக நிற்கும். அந்த நடைக்காகத்தான் விலை கொடுக்கிறோம்.

அந்த விலை மரத்தின் தலையெழுத்தையும் தொடுகிறது: விதை விலைபோனால் மரம் நிற்கும், போகாவிட்டால் பலகையாகும். குமாருவின் மரக்கட்டை தண்ணீரில் போட்டால் மூழ்கும் அளவுக்குக் கனம். மழைக்கும் கறையானுக்கும் அசையாது. ஐரோப்பிய, அமெரிக்க வீடுகளின் திறந்த தாழ்வாரங்களுக்குத் தரைப்பலகையாகப் போகிறது. வளர்வதோ ஆமை வேகத்தில். கரிமக் காலக்கணிப்பில் ஆயிரம் வயதைத் தாண்டிய மரங்கள் இந்த இனத்தில் கண்டறியப்பட்டுள்ளன. 2022-இல் பனாமாவில் கூடிய அருகிவரும் உயிரின வணிக உடன்படிக்கை மாநாடு இந்தப் பேரினத்தை இரண்டாம் பட்டியலில் சேர்த்ததற்குக் காரணம் கோடாரிதான், விதை பொறுக்குகிறவர்கள் அல்லர்.

பொறுக்குவதாலேயே எல்லாம் தூய்மையாகிவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். விதை என்பது அடுத்த மரம். அகூட்டி என்ற கொறிவிலங்கு கொட்டைகளைத் தூக்கிப்போய் மண்ணில் புதைக்கும். புதைத்ததில் சிலவற்றை மறக்கும், மறந்தது முளைக்கும். மரத்தடியை வழித்துத் துடைத்துக்கொண்டு போனால் அகூட்டிக்கும் இல்லை, காட்டுக்கும் இல்லை. கையில் எடுப்பதைப் போலவே விட்டுவருவதும் இந்தத் தொழிலின் நேர்த்தியில் சேர்த்தி.

கவுராவில் சுவிட்சர்லாந்தின் ஜிவோடான் நிறுவனம், கன்சர்வேஷன் இன்டர்நேஷனல் அமைப்போடு சேர்ந்து ஊர் மக்களிடம் உடன்பாடு செய்துகொண்டது. காட்டைக் காப்பது மக்கள் பொறுப்பு, விதைத் தொழிலுக்குத் துணைநிற்பது நிறுவனமும் அமைப்பும் ஏற்ற பொறுப்பு. ஏற்பாடு நல்லதுதான். என் சந்தேகம் வேறு. இந்த மரம் ஆண்டுதோறும் ஒரே மாதிரி காய்ப்பதில்லை. ஓர் ஆண்டு அள்ளிக் கொடுக்கும், அடுத்த ஆண்டு கைவிரிக்கும். அதே ஆற்றுப்படுகையில் சட்டத்துக்குப் புறம்பான தங்கச் சுரங்கங்கள் எந்நாளும் ஆள் தேடுகின்றன. காய்க்காத ஆண்டில் சர்ராபியேரோவின் வீட்டு அடுப்பு எரிய வாசனை நிறுவனங்கள் என்ன தருகின்றன என்பதே எனக்கு முக்கியம். தேயிலைப் பெட்டியில் தோட்டத்தின் பெயர் போடுவதைப் போல, வாசனைக் குப்பியிலும் ஆற்றின் பெயரையும் அறுவடை ஆண்டையும் அச்சிட்டால், இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் இன்னும் கூடுவார்கள்.