பொறுத்துப்போதல் தீர்வாகுமா?

மணவாழ்வில் உடல்நெருக்கம் ஆண்டுக்கணக்கில் அற்றுப்போகும்போது, வாய் திறக்காமல் பொறுத்துப்போவதும் வேலையில் மூழ்குவதும் ஆண்கள் பலர் கைக்கொள்ளும் வழி. ஆரணியை ஒட்டிய சேவூர் போன்ற பட்டு நெசவு ஊர்களில் தொழிலே இதற்கு இடம் தருகிறது. தறி இருக்கும் வீடே பணியிடம். கணவன் நெய்ய, மனைவி தார் சுற்ற, இருவர் உழைப்பிலும்தான் சேலை முடிகிறது. பெரியவர்களும் பிள்ளைகளும் உடன் உறங்கும் சிறிய வீட்டில் தனிமை அரிது. பகலெல்லாம் அருகிருந்தும் இதைப் பற்றிப் பேசாமலே காலம் ஓடிவிடும்.

இந்தப் பொறுமையை எளிதில் தள்ளிவிட முடியாது. விருப்பமில்லாத மனைவியை வற்புறுத்தாமல் இருப்பது இதன் தலையாய நன்மை. பதினெட்டு வயது நிறைந்த மனைவியைக் கணவன் கட்டாயப்படுத்துவதை இந்தியச் சட்டம் வன்புணர்வாகக் கருதாத நிலையில் இதன் மதிப்பு பெரிது. குடும்பமும் கூட்டு உழைப்பும் குலையாமல் நிற்கின்றன. மகப்பேறு, நோய், துக்கம் ஆகியவற்றால் வரும் தற்காலிக விலகலுக்கு இந்தக் காத்திருப்பே போதும்.

விலகல் நீளும்போது இதே மௌனம் காரணத்தை மறைக்கிறது. மாதவிடாய் நின்றபின் ஏற்படும் வறட்சியால் உறவு வலி தரலாம். மனச்சோர்வும் அதற்குரிய சில மருந்துகளும் விருப்பத்தைக் குறைக்கும். நீரிழிவு ஆணின் விறைப்பைக் கெடுக்கும். சிகிச்சை உள்ள இந்தக் குறைகளை இருவரும் வெறுப்பென்று தவறாக எண்ணிக்கொள்கிறார்கள். ஏக்கத்தை ஆற்ற நாடும் குடியோ விறைப்பை மேலும் தளர்த்தி, மனைவியின் அச்சத்தையும் கூட்டுகிறது.

நீதிமன்றமும் நெருக்கத்தை மீட்டுத் தராது. இந்து திருமணச் சட்டத்தின் 9ஆம் பிரிவு சேர்ந்து வாழ ஆணை கோர வழிசெய்கிறது. உச்ச நீதிமன்றம் 1984இல் அது செல்லும் என்றது. தக்க காரணமின்றி நெடுங்காலம் உறவை மறுப்பது மனக்கொடுமையாகலாம் என்று 2007இல் சமர் கோஷ் வழக்கில் அதே நீதிமன்றம் கூறியது. முன்னதால் சேர்ந்து வாழ ஆணை மட்டுமே பெறலாம். பின்னது மணமுறிவுக்கு வழி. அன்பை ஆணையால் பெற முடியாது.

அமெரிக்க ஆய்வாளர்கள் மாஸ்டர்ஸ், ஜான்சன் இருவரும் 1970இல் வெளியிட்ட சிகிச்சை முறை தம்பதியரைச் சேர்த்தே நடத்துகிறது: உடலுறவை ஒத்திவைத்து, அச்சமற்ற தொடுதலிலிருந்து படிப்படியாகத் தொடங்குகிறது. வற்புறுத்தாத பொறுமையே இதற்கும் அடிப்படை. அதோடு மனம்விட்ட பேச்சும் வேண்டும். ஆகவே பொறுமையைக் கைவிடாமல் மௌனத்தை மட்டும் கைவிடுவதே ஏற்ற வழி. முதலில் மனைவியிடம் பேசலாம். உடற்குறைக்கு மருத்துவரை இருவருமாகப் பார்க்கலாம். மனச்சுமைக்கு 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை அழைக்கலாம்.