தமிழ்த் திரையிசையில் ராக் அண்ட் ரோல்

1950களின் நடுவில் அமெரிக்காவில் பரவிய ராக் அண்ட் ரோல் இசை, அடுத்த பத்தாண்டுகளில் தமிழ்த் திரைப்பாடல்களுக்குள் வந்த விதத்தையும், அவற்றில் இன்றும் கேட்கத்தக்க பாடல்களையும் இக்கட்டுரை மதிப்பிடுகிறது. தமிழ்த் திரையுலகம் இந்த இசையை விரும்பி எடுத்துக்கொண்டது. ஆனால் அதைப் பெரும்பாலும் நகைச்சுவை நடிகரிடமும் கிளப் நடனக் காட்சியிடமும் ஒப்படைத்தது. இதனால் அப்பாடல்கள் ‘வேடிக்கைப் பாட்டு’ என்ற பெயரோடு நின்றுவிட்டன. இசையாக அவற்றைக் கேட்டு எடைபோடும் பழக்கம் நம்மிடம் வளரவில்லை.

இசையின் அமைப்பு

ராக் அண்ட் ரோல், அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ், தேவாலயப் பாடல் ஆகியவற்றோடு வெள்ளையர்களின் நாட்டுப்புற இசையும் கலந்து பிறந்தது. இதன் அடிப்படை வடிவம் பன்னிரண்டு அளவுகள் கொண்டது. ஓர் அளவுக்கு நான்கு எண்ணிக்கை என 48 எண்ணிக்கையில் ஒரு சுற்று முடியும். நம் சுர வழக்கில் சொன்னால் ச, ம, ப ஆகிய மூன்று சுரங்களின் மேல் கட்டிய மூன்று சுரக்கூட்டுகளே பாடல் முழுவதையும் தாங்கும்.

தாளத்தில்தான் புதுமை. பஜனையில் நாம் முதல் எண்ணிக்கையில் அழுத்தித் தட்டுகிறோம். ராக் அண்ட் ரோலில் இரண்டாவது, நான்காவது எண்ணிக்கைகளில் அழுத்தம் விழும். ‘ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு’ என்று எண்ணியபடி இரண்டிலும் நான்கிலும் மட்டும் கைதட்டிப் பாருங்கள். கால் தானாக ஆடத் தொடங்கும்.

மூலப் பாடல்கள்

தமிழ்ப் பாடல்களுக்குப் போகுமுன் சில மூலங்களைக் கேட்பது நல்லது. பில் ஹேலி 1954இல் பதிவுசெய்த ‘ராக் அரவுண்ட் த கிளாக்’, 1955இல் வந்த ‘பிளாக்போர்டு ஜங்கிள்’ என்ற திரைப்படத்தால் உலகெங்கும் பரவியது. அடங்காத மாணவர்களிடம் மாட்டிக்கொள்ளும் ஓர் ஆசிரியரின் கதை அது. பெரியவர்கள் இந்த இசையைக் கண்டு அஞ்சியதற்கு அந்தப் படமும் ஒரு காரணம்.

லிட்டில் ரிச்சர்டின் ‘டுட்டி ஃப்ருட்டி’ (1955), சக் பெர்ரியின் ‘ஜானி பி. குட்’ (1958) இரண்டையும் தவறவிடக் கூடாது. பின்னது எழுதப்படிக்கச் சரியாகத் தெரியாத, ஆனால் கிடார் வாசிப்பில் தேர்ந்த ஒரு கிராமத்துச் சிறுவனைப் பற்றியது. 1977இல் வாயேஜர் விண்கலங்களில் அனுப்பிய தங்கத் தட்டில் அதுவும் இடம்பெற்றது. எல்விஸ் பிரெஸ்லியின் ‘ஹவுண்ட் டாக்’ (1956) கேட்பவர்கள், அதை அவருக்கு முன்பே பாடிய பிக் மாமா தார்ன்டனின் பதிவையும் கேட்க வேண்டும். புகழ் ஒருவருக்கும் உழைப்பு இன்னொருவருக்கும் ஆன கதை அங்கும் உண்டு.

தமிழகத்துக்கு வந்த வழி

1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர் காலத்தில் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கியது. நேயர்கள் இலங்கை வானொலியைத் திருப்பினார்கள். அதே அலைவரிசைகளில் மேல்நாட்டுப் பாடல்களும் வந்தன. இசைத்தட்டுகளும் ஆங்கிலப் படங்களும் மறுபக்கம் வந்தன. சென்னையில் பெரம்பூர் முதலிய ரயில்வே வட்டாரங்களில் வாழ்ந்த ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களில் மேற்கத்திய நடன இசை முன்பே வாழ்க்கையின் பகுதியாக இருந்தது. பீட்டில்ஸ் குழுவின் தொடக்ககால டிரம்ஸ் கலைஞர் பீட் பெஸ்ட் 1941இல் சென்னையில் பிறந்தவர் என்பதை இங்கே நினைவுகொள்ளலாம்.

கேட்க வேண்டிய பாடல்கள்

உனக்காக எல்லாம் உனக்காக (புதையல், 1957): இசை விஸ்வநாதன்-ராமமூர்த்தி, பாடல் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம், குரல் ஜே.பி. சந்திரபாபு. தூத்துக்குடியில் பிறந்து இளமையில் கொழும்பில் வளர்ந்த சந்திரபாபுவுக்கு மேற்கத்திய பாணி இயல்பாகவே வந்தது. சின்னச் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லி ஆட்டத்தைக் கிளப்புவது ராக் அண்ட் ரோலின் குணம். நாட்டுப்பாடலின் குணமும் அதுவே. பட்டுக்கோட்டையார் இந்த ஒற்றுமையைப் பிடித்துக்கொண்டார். அதனால் சொல் மெட்டுக்கு அடிமையாகாமல் மெட்டோடு சேர்ந்து துள்ளுகிறது. இப்பட்டியலில் முதலிடம் இதற்கே.

குங்குமப்பூவே (மரகதம், 1959): இசை எஸ்.எம். சுப்பையா நாயுடு. சந்திரபாபுவும் கே. ஜமுனாராணியும் பாடியது. சந்திரபாபுவின் குரல் வளைவுகளையே எல்லோரும் பாராட்டுவார்கள். ஜமுனாராணி ஈடுகொடுப்பதைக் கவனியுங்கள். அவர் குரல் அசையாமல் நிற்பதால்தான் இவர் குதிக்க முடிகிறது.

விஸ்வநாதன் வேலை வேணும் (காதலிக்க நேரமில்லை, 1964): இசை விஸ்வநாதன்-ராமமூர்த்தி, பாடல் கண்ணதாசன், குரல் பி.பி. ஸ்ரீநிவாஸும் குழுவினரும். வேலையிலிருந்து நீக்கப்பட்ட இளைஞன் முதலாளியின் வீட்டெதிரே கூட்டம் சேர்த்துப் பாடுகிறான். ஒருவர் கேட்க, கூட்டம் பதில் சொல்லும் அமைப்பு தேவாலயப் பாடலுக்கும் நம் ஊர்வல முழக்கத்துக்கும் பொதுவானது. அம்பத்தூர் தொழிற்பேட்டை உருவான அதே 1960களில் வந்த பாட்டு இது. ஆலைவாசலில் நின்று வேலை கேட்ட தலைமுறைக்கு இது வெறும் கேலியாக மட்டும் கேட்டிருக்காது. படம் அதைச் சிரிப்பாக முடித்தாலும், பாட்டின் முறுக்கு குறையவில்லை.

ஆடவரெல்லாம் ஆட வரலாம் (கறுப்புப் பணம், 1964): குரல் எல்.ஆர். ஈஸ்வரி. கண்டிப்பான இலக்கணப்படி இதை ராக் அண்ட் ரோல் என்பதைவிடக் கிளப் இசை என்பதே சரி. ஆயினும் அந்த இசை கேட்கும் துணிவு அதன் முழு அளவில் ஒலிப்பது இந்தக் குரலில்தான்.

நாடோடி (அன்பே வா, 1966): இசை எம்.எஸ். விஸ்வநாதன், பாடல் வாலி. ‘கம் செப்டம்பர்’ (1961) என்ற ஆங்கிலப் படத்தைத் தழுவிய கதை. இளைஞர் கூட்டம் கதாநாயகனைச் சீண்ட, அவர் ஆடிக்காட்டிப் பதில் சொல்கிறார். 1960இல் சப்பி செக்கர் பரப்பிய ட்விஸ்ட் ஆட்டம், ஆறே ஆண்டில் எம்.ஜி.ஆரின் காலுக்கு வந்துவிட்டது. நட்சத்திர நாயகன் ஒருவர் நாணாமல் ஏற்றதால் இந்த இசைக்கு மரியாதை கூடியது. பாடலாக மட்டும் பார்த்தால் முந்தையவற்றைவிட ஒரு படி கீழேதான். காட்சியின் துணையின்றிக் கேட்டால் இடையில் தளர்கிறது.

மதிப்பீடு

தமிழ் இசையமைப்பாளர்கள் பன்னிரண்டு அளவு வடிவத்தைப் பெரும்பாலும் எடுத்துக்கொள்ளவில்லை. பல்லவி, சரணம் என்ற நம் கட்டமைப்பை வைத்துக்கொண்டு தாளத்தையும் கிடார், டிரம்ஸ், சாக்ஸபோன் ஆகியவற்றின் ஒலியையும் மட்டும் எடுத்தார்கள். இது குறையன்று. அப்படிச் செய்ததால்தான் கவிஞருக்கு இடம் கிடைத்தது. மூலத்தை அப்படியே பெயர்த்த மெட்டுகள் பின்னர் ஏராளமாக வந்தன. அவற்றில் நின்றவை குறைவு.

குறை வேறிடத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் உழைக்கும் மக்களின் குரலாக எழுந்த இசை, இங்கே கோமாளித்தனத்துக்கோ ஒழுக்கக் கேட்டுக்கோ அடையாளமாக்கப்பட்டது. அதன் விலையைக் கொடுத்தவர்கள் பாடகர்கள். சந்திரபாபுவை நகைச்சுவை நடிகர் என்றே பேசுகிறோம், பாடகர் என்பது பிற்சேர்க்கையாகிவிட்டது. ஈஸ்வரிக்குத் திரையில் காபரே பாடல்களே மிகுதியாகக் கிடைத்தன. அதே ஈஸ்வரி திருவேற்காடு கருமாரியம்மன் மீது பாடியவை ஆடி மாதத்தில் பூந்தமல்லி, ஆவடிப் பக்கத்து ஒலிபெருக்கிகளில் விடியற்காலையிலேயே தொடங்கிவிடும். குரல் ஒன்றுதான், அதற்கு நாம் கொடுத்த இடம்தான் இரண்டு.

அமெரிக்காவிலும் மின்கிடாரோடு பக்திப் பாடல் பாடிய சிஸ்டர் ரொசெட்டா தார்ப், இரவு விடுதிகளில் பாடியதற்காகத் தேவாலயத்தாரின் கண்டனத்துக்கு ஆளானார். இன்று ராக் அண்ட் ரோலின் முன்னோடியாக அவரை ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். அதுபோன்ற மறுமதிப்பீடு நம் பாடகர்களுக்கும் தேவை.

இளையவர்கள் இப்பாடல்களைத் திருமண வரவேற்பு மெல்லிசைக் குழுக்களின் வழியே அறிந்திருப்பார்கள். அங்கே தாளம் கூடுதலாகவும் சொல் குறைவாகவும் கேட்கும். மூலப் பதிவுகளைத் தேடி, படம் பார்க்காமல் காதால் மட்டும் ஒருமுறை கேட்க வேண்டும். லிட்டில் ரிச்சர்டை அடுத்துச் சந்திரபாபு, தார்ப்பை அடுத்து ஈஸ்வரி என்ற வரிசையில் கேட்டால், கடன் வாங்கியது எது, சேர்த்துக் கொடுத்தது எது என்பது தெளிவாகப் பிரிந்து தெரியும்.