உள்ளங்கையில் ஒரு தாடை

ராத்திரி ஒன்றரை மணி. ஃபைல் இறங்கி முடிந்தது, திறந்தேன், கறுப்புத் திரையில் சாம்பல் நிறத்தில் ஒரு கீழ்த்தாடை வந்து நின்றது பாருங்கள், நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன்!

யார் தாடை தெரியுமா? ஹோமோ நலேடி என்ற ஆதிமனித இனத்தின் தாடை! தென்னாப்பிரிக்காவின் ரைசிங் ஸ்டார் குகையில், 18 சென்டிமீட்டர் இடுக்கில் உடம்பை நுழைத்து இறங்கி, ஆறு பெண் ஆய்வாளர்கள் 2013-ல் தோண்டி எடுத்தார்களே, அந்த எலும்புகள்! எத்தியோப்பியாவில் 1994-ல் கிடைத்த ஆர்டி என்ற ஆதிமனித எலும்புக்கூட்டின் முழு விவரம் வெளிவர 15 வருஷம் ஆனது. நலேடியைத் தோண்டியெடுத்த லீ பெர்கர் குழுவோ 2015 செப்டம்பரில் ஆய்வுக் கட்டுரை வெளியான அன்றே, ஸ்கேன்களை மார்ஃபோசோர்ஸ் இணையதளத்தில் எல்லோருக்கும் திறந்துவிட்டது. அன்றே!

மவுஸால் திருப்புகிறேன், திருப்புகிறேன், நிறுத்த மனசே வரவில்லை. கடைவாய்ப்பற்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நமக்கு ஞானப்பல் பெரும்பாலும் சின்னது. இங்கே பின்னால் போகப்போகப் பற்கள் பெரிதாகின்றன. நாக்கால் என் ஞானப்பல்லைத் தடவிப் பார்த்துக்கொண்டேன், சத்தியமாக! தூங்கிக்கொண்டிருந்த மனைவியை எழுப்பி, "இங்க வந்து பாரேன், பல்லைப் பாரேன்" என்று இழுத்து வந்தேன்.

மறுநாள் முப்பரிமாண பிரிண்டர் வைத்திருக்கும் நண்பரிடம் ஓடினேன். சூடான பிளாஸ்டிக் வாசனை, சர்ரென்ற சத்தம், நூல் நூலாக அடுக்கடுக்காகத் தாடை வளர்கிறது. கற்பனை பண்ணிப் பாருங்கள், இரண்டு லட்சம் வருஷத்துக்கும் மேல் இருட்டுக்குள் கிடந்த ஒருவரின் தாடை, அதே வளைவு, அதே அளவு, இன்னும் வெதுவெதுப்பு ஆறாமல் உங்கள் உள்ளங்கையில்! பெட்டகத்தில் இருக்கும் அசலைத் தொட எனக்கு யார் அனுமதி தரப்போகிறார்கள்? இந்தத் தாடையை ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் அளக்கலாம், பேராசிரியரும் அளக்கலாம், அவர் சொன்னது சரிதானா என்று மூன்றாவது ஆள் திரும்பவும் அளந்து பார்க்கலாம், யாரும் யாருக்கும் கடிதம் எழுதிக் காத்திருக்க வேண்டாம்!

இது ஒன்றோடு முடியவில்லை. அமெரிக்க அருங்காட்சியகங்கள் கூடி நடத்திய ஓவெர்ட் திட்டம் 13,000-க்கும் மேற்பட்ட முதுகெலும்புள்ள உயிரின மாதிரிகளை ஸ்கேன் செய்து இதே தளத்தில் வைத்திருக்கிறது. அந்தப் பணியின்போது முள்மயிர்ச் சுண்டெலி ஒன்றின் வாலைப் பார்த்தவர்களுக்குத் தோலுக்கடியில் எலும்புத் தகடுகள் தெரிந்தன! அதுவரை, இன்று வாழும் பாலூட்டிகளில் ஆர்மடில்லோவுக்கு மட்டும்தான் அப்படி ஒரு கவசம் உண்டு என்று நினைத்திருந்தார்கள். அலமாரி ஜாடியில் எத்தனையோ வருஷம் சும்மா இருந்த எலி அது!

அந்தத் தளத்தில் கணக்குத் தொடங்க வேண்டும், சில ஃபைல்களுக்கு எதற்கென்று நாலு வரி எழுத வேண்டும். அதெல்லாம் ஒரு குறையா?

இன்றைக்கே உள்ளே போங்கள். முதலில் நலேடியின் கீழ்த்தாடையைத் தேடுங்கள், அந்தக் கடைசிப் பல்லைப் பெரிதாக்கிப் பாருங்கள்.