கறுப்பரின் பெருமையும் ஜாஹிழின் எழுதுகோலும்

அப்பாஸியர் காலத்து அரபு உரைநடையின் முதல்வராகப் போற்றப்படுபவர் பஸராவைச் சேர்ந்த அபூ உஸ்மான் அம்ரு இப்னு பஹ்ர் அல்ஜாஹிழ் (மறைவு: ஹிஜ்ரி 255). 'அல்பயான் வத்தப்யீன்', 'கிதாபுல் ஹயவான்', 'அல்புகலா' முதலிய நூல்களால் பெரிதும் அறியப்படும் இவர், 'ஃபக்ருஸ் ஸூதான் அலல் பீளான்' என்றொரு சிறுநூலையும் இயற்றியுள்ளார். வெள்ளையரினும் தாம் மேலானவர் எனக் கறுப்பர் பேசும் பெருமை என்பது அதன் கருத்து. தன்னை ஒரே குலமாக எண்ணிக்கொள்ளும் சமூகம், தன்னிடம் வந்து சேர்ந்த பிறரை எந்த அளவுக்குத் தன்னவராக ஏற்கிறது என்னும் வினா இந்நூலின் அடியில் கிடக்கிறது. அவ்வினாவைக் கொண்டே இதனை மதிப்பிட முற்படுகிறோம்.

நூல் பிறந்த காரணமே கருதத்தக்கது. தூய அரபுக் குருதியினருக்கும் கலப்புக் குருதியினருக்கும் இடையிலான வாதங்களை ஜாஹிழ் முன்னரே எழுதியிருந்தார். அதில் கறுப்பரின் பெருமை இடம்பெறவில்லையே என ஒருவர் சுட்டிக்காட்ட, அக்குறையை நிரப்பவே இதனை எழுதுவதாகத் தொடங்குகிறார். பின்னர் லுக்மான், பிலால் (ரலி), பத்ரில் ஷஹீதான மிஹ்ஜஃ (ரலி), ஸயீத் இப்னு ஜுபைர் (ரஹ்), மக்ஹூல் (ரஹ்) எனச் சான்றோர் அணிவகுக்கின்றனர். ஹிந்து நாட்டினரையும் அவர் கறுப்பருள் சேர்த்தே எண்ணுகிறார். அவர்களுடைய கணிதம், வானியல், மருத்துவம், சதுரங்கம் ஆகியவற்றை வியந்துரைக்கிறார். ஆகவே இந்நூலில் நம் முன்னோருக்கும் ஓரிடம் உண்டு.

எனினும் பெயர்ப்பட்டியல் இந்நூலின் உயிரன்று. அதன் உயிர் இரு வாதங்களில் உள்ளது. முதலாவது, நிறம் நிலத்தாலும் நீராலும் விளைவது. அது தண்டனையுமன்று, இழிவுமன்று என்பது. பனூ ஸுலைம் குலத்தார் வாழும் கரும்பாறை நிலத்தில் மனிதர் மட்டுமின்றி விலங்குகளும் கருமை அடைவதை இதற்குச் சான்றாக்குகிறார். இரண்டாவது, இதனினும் கூர்மையானது. அறியாமைக் காலத்தில் எங்களை மண உறவுக்குத் தகுதியானவராகக் கண்ட நீங்கள், இஸ்லாத்தின் நீதி வந்த பிறகு எங்களைத் தகுதியற்றவராகக் காண்பதேன் என்று கறுப்பரின் வாயால் கேட்க வைக்கிறார். இவ்வினாவுக்குச் சொல்லழகால் விடையிறுக்க இயலாது, நடத்தையால்தான் இயலும்.

இந்நூல் உளமார எழுதப்பட்டதா, சொற்போர்ப் பயிற்சியா என்று ஆய்வாளர் வாதிடுவர். ஜாஹிழின் பாட்டனார் கறுப்பர் எனக் கூறும் குறிப்பு உண்டு. அதே வேளையில், ஜாஹிழின் பிற நூல்களில் ஸன்ஜுகளை இழித்துரைக்கும் இடங்களும் உள்ளன. நம் பார்வையில், ஆசிரியரின் உள்ளத்தைத் துருவுவதைவிட நூலின் முறையை ஆராய்வதே பயன் தரும். பெருமையைப் பட்டியலிட்டு இடம் கேட்பது இதன் முறை. பிலால் (ரலி) அவர்களைப் போன்றவர் எம்மில் உண்டு, ஆகவே எம்மை மதியுங்கள் என்னும் வாதத்தில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. சிறப்பு ஏதுமில்லாத எளிய கறுப்பரின் நிலை என்ன? புகழ்ந்து காட்டியே உள்ளே அழைக்கப்படுபவர், புகழ் குன்றிய நாளில் மீண்டும் வாசலில் நிற்க நேரும்.

வரலாறு இக்குறையை உடனே வெளிச்சமிட்டுக் காட்டியது. ஜாஹிழ் மறைந்த அதே ஹிஜ்ரி 255இல் (கி.பி. 869), பஸராவை அடுத்த உவர் நிலங்களில் உப்புப் படிந்த மண்ணை அகற்றிக் கொண்டிருந்த அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். 871இல் பஸரா சூறையாடப்பட்டது. 883 வரை நீண்ட அப்போரை எந்தப் புகழுரையும் தடுக்கவில்லை. நூலில் கிடைத்த பெருமை உவர் நிலத்தை எட்டவில்லை.

ஜாஹிழ் எழுப்பிய மணவுறவு வினாவோ இன்றும் விடைக்குக் காத்திருக்கிறது. 1981இல் மீனாட்சிபுரத்துத் தலித் மக்கள் இஸ்லாத்தைத் தழுவியது சமத்துவத்தின் சான்றாகப் பேசப்பட்டது. தொழுகை வரிசையில் தோளோடு தோள் சேர்வதில் நம் மஹல்லாக்களுக்குத் தடையில்லை. பெண் கேட்டு வரும்போது மட்டும் ராவுத்தரா, மரைக்காயரா, லெப்பையா, புதிதாக வந்தவரா என்னும் விசாரணை தலைதூக்குகிறது. இதற்குக் 'கஃபாஅத்' என்னும் ஃபிக்ஹுச் சொல்லைக் கேடயமாக்குவோர் அதன் விளக்கத்தையும் படிக்க வேண்டும். ஹனஃபி நூல்கள் குலப் பொருத்தத்தை அரபியருக்கே உரியதாக்குகின்றன. அரபியரல்லாதாருக்கு அதனைக் கணக்கில் கொள்வதில்லை. ஷாஃபிஈ மத்ஹபிலும் அது மணமகளும் வலீயும் விட்டுக்கொடுக்கத்தக்க உரிமையே, தடைச்சட்டமன்று. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களோ மார்க்கப் பற்றையே அடிப்படையாகக் கொண்டார்கள். குறைஷிப் பெண்மணியான ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்களை, விடுதலை பெற்ற அடிமையின் மகனான உஸாமா (ரலி) அவர்களை மணந்துகொள்ளுமாறு கூறியவர்கள் நபி (ஸல்) அவர்கள்.

நம் அரபுக் கல்லூரிகளில் ஜாஹிழ் பெரும்பாலும் நடையழகுக்காகவே பயிலப்படுகிறார். இச்சிறுநூலையும் 'கஃபாஅத்' பாடத்தையும் அருகருகே வைத்துக் கற்பித்தால், நடையோடு நீதியையும் மாணவர் கற்பர். நாளை மஹல்லாவில் நிகாஹ் ஓதி வைக்கப்போகிறவர்கள் அம்மாணவர்களே.