கருகல் வாடை அடிக்கும் கீபோர்டு: முதல் சந்தேகம் அடாப்டர் மேல்

வாசித்துக்கொண்டிருக்கும்போது கீபோர்டிலிருந்து கருகல் வாடை வந்தால், முதலில் சுவர் ஸ்விட்சை அணையுங்கள். அடுத்து அடாப்டரைப் பிடுங்குங்கள். அடியில் பேட்டரி போட்டிருந்தால் அதையும் கழற்றுங்கள். பாட்டு பாதியில் நின்றால் நிற்கட்டும். பேட்டரியைக் கழற்றச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பல கீபோர்டுகள் அடாப்டரை எடுத்த மறுகணமே பேட்டரிக்கு மாறிக்கொள்ளும். உள்ளே ஏதாவது ஷார்ட் ஆகியிருந்தால் சூடு தொடரும். "இன்னொரு தடவை ஆன் பண்ணிப் பார்ப்போமே" என்கிற ஆசையை அடக்குங்கள். சின்ன டயோடோடு முடிந்திருக்க வேண்டிய பழுது மெயின் போர்டு வரை பரவுவது அந்த இரண்டாவது தடவையில்தான்.

இந்த விமர்சனத்துக்காக மேஜையில் எடுத்து வைத்தவை மூன்று அடாப்டர்களும் கருகிய கீபோர்டு ஒன்றும். கீபோர்டு 61 கீ கொண்டது, 12 வோல்ட்டில் ஓடுவது, மெல்லிசைக் குழு வைத்திருக்கும் நண்பர் ஒருவருடையது. முதல் அடாப்டர், கீபோர்டு கம்பெனியே தரும் ஒரிஜினல்: 12 வோல்ட், 1.5 ஆம்பியர். இரண்டாவது, சிசிடிவி கேமராவுக்கும் வைஃபை ரவுட்டருக்கும் கடைகளில் விற்கும் 12 வோல்ட், 2 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் அடாப்டர். மூன்றாவது, எலக்ட்ரிக்கல் கடை வாசலில் கொத்தாகத் தொங்கும் யுனிவர்சல் அடாப்டர். 3 வோல்ட் முதல் 12 வோல்ட் வரை நகர்த்தும் ஸ்லைடர் அதில் இருக்கும். வயர் நுனியில் திருப்பி மாட்டக்கூடிய பின்னும் இருக்கும். கீபோர்டைக் கருக்கியது இந்த மூன்றாவதுதான்.

கீபோர்டைக் குப்புறப் போட்டு அடிப்பலகையின் ஸ்க்ரூக்களைக் கழற்றியதும் வாடை எங்கிருந்து கிளம்புகிறது என்று தேட வேண்டியிருக்கவில்லை. அடாப்டர் சொருகும் ஜாக்குக்குப் பக்கத்தில், பழுப்பு நிற போர்டு ஐம்பது பைசா அளவுக்குக் கறுத்திருந்தது. நடுவில் ஒரு டயோடு இரண்டாகப் பிளந்து கிடந்தது. அதன் பக்கத்து எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டரின் தலை, தட்டையாக இருக்க வேண்டியது, மேடு தட்டியிருந்தது. அந்தத் தலையில் சிலுவைபோல் ஒரு கீறல் போட்டிருப்பார்கள். உள்ளே அழுத்தம் ஏறினால் வெடிக்காமல் அந்த வழியாகத் திறந்துகொள்ள. இங்கே கீறலின் ஓரம் திறந்து, ஒட்டும் பசையாக ஏதோ கசிந்திருந்தது.

டயோடு பிளந்த கதை எளிது. ஜாக்கின் நடுப் பின் பாசிட்டிவாக இருக்க வேண்டிய கீபோர்டு இது. மேடைக்குப் பின்னால், இருட்டில், யுனிவர்சல் அடாப்டரின் நுனி திருப்பி மாட்டப்பட்டிருக்கிறது. பாசிட்டிவும் நெகட்டிவும் இடம் மாறின. இப்படி மாறினால் மற்ற பாகங்கள் தப்ப வேண்டும் என்றுதான் ஜாக்கை ஒட்டி அந்த டயோடைப் போடுகிறார்கள். தலைகீழாக வரும் கரண்டை அது தன் வழியே திருப்பிவிட்டுத் தானே ஷார்ட் ஆகிவிடும். தாங்கக்கூடியது 1 ஆம்பியர் அளவுதான். அடாப்டர் அதற்கு மேல் தள்ளியதால், டயோடு சூடேறி, கீழே இருந்த போர்டையும் கருக்கிவிட்டது. கீபோர்டு செத்தது போலக் கிடந்தாலும் உண்மையில் உயிர் பிழைத்திருந்தது.

திருப்பி மாட்டும் நுனி இல்லாவிட்டாலும் இந்த விபத்து மேடையில் நடக்கும். கிட்டாரிஸ்டின் எஃபெக்ட் பெடல்களுக்கு வரும் 9 வோல்ட் அடாப்டரில் நடுப் பின் நெகட்டிவ். பாஸ் கம்பெனி பெடல்கள் தொடங்கி வைத்த வழக்கம் அது. யமஹா போர்ட்டபிள் கீபோர்டுகளில் நடுப் பின் பாசிட்டிவ். பழைய கேசியோ சின்ன மாடல்கள் பலவற்றில் 9 வோல்ட், நடுப் பின் நெகட்டிவ். பல சமயம் பின்னின் அளவு ஒன்றாகவே இருக்கும். எதில் எதைச் சொருகினாலும் வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடும். ஒரே கம்பெனிக்குள்ளும் கவனம் தேவை. யமஹாவின் பிஏ-150 அடாப்டர் 12 வோல்ட், 1.5 ஆம்பியர். பிஏ-300 தருவது 16 வோல்ட், 2.4 ஆம்பியர். பெயர் ஒரே குடும்பம் என்பதற்காக ஒன்றுக்கு மற்றொன்று ஆகிவிடாது.

தலை வீங்கிய கெப்பாசிட்டர் வேறு கதை சொன்னது. அது ஒரே இரவில் வந்த கேடு அல்ல. யுனிவர்சல் அடாப்டரின் ஸ்லைடரை 12-இல் வைத்து, எதிலும் சொருகாமல், மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து அளந்தேன். காட்டியது 17 வோல்ட். உள்ளே இருப்பது வெறும் டிரான்ஸ்பார்மர், நான்கு டயோடு, ஒரு கெப்பாசிட்டர். வோல்டேஜைக் கட்டுப்படுத்த ஏதும் இல்லை. இதே மாதிரியில் பழுது இல்லாத கீபோர்டு ஒன்றில் சொருகி, வால்யூமைக் குறைத்து வாசித்தபோது 15 வோல்ட். ரிதத்தை ஓடவிட்டு, இடது கையில் பாஸ் பிடித்து, வால்யூமை முழுக்க ஏற்றியதும் 11-க்கு இறங்கியது. ஸ்பீக்கரில் 'உம்ம்' என்ற இரைச்சலும் சேர்ந்துகொண்டது. நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரட்டித்து, 100 ஹெர்ட்ஸில் கேட்கிற இரைச்சல் அது. கருகிய கீபோர்டின் கெப்பாசிட்டரில் அச்சடித்திருந்த தாங்குதிறன் 16 வோல்ட். ஏறி இறங்கும் வோல்டேஜோடு கச்சேரி கச்சேரியாக விளிம்பில் ஓட்டினால் அது வீங்காமல் என்ன செய்யும்?

ஒரிஜினல் அடாப்டர் சும்மா இருந்தபோதும் 12.1 வோல்ட், முழு வால்யூமிலும் கிட்டத்தட்ட அதே அளவு. கையால் தொட்டால் லேசான வெதுவெதுப்பு, அவ்வளவுதான். சிசிடிவி வகை எஸ்எம்பிஎஸ் அடாப்டரும் வோல்டேஜில் பிசகவில்லை. நுனிகளை வேண்டுமென்றே ஷார்ட் செய்து பார்த்தேன் (இதை வீட்டில் யாரும் செய்ய வேண்டாம்). தானாகவே வெளியீட்டை நிறுத்திக்கொண்டது. ஷார்ட்டை எடுத்ததும் பழையபடி வந்துவிட்டது. யுனிவர்சல் அடாப்டருக்கு அந்தப் புத்தி கிடையாது. அது விடாமல் கரண்டைத் தள்ளி, தானும் சூடாகி, வார்னிஷ் வாடை விடத் தொடங்கியது.

எஸ்எம்பிஎஸ் அடாப்டரில் எனக்கு ஒரு குறையும் பட்டது. ஹெட்போனில் மெல்லிய ஸ்டிரிங்ஸ் டோன் வாசித்துக் கேட்டால், பின்னணியில் ஒரு சன்னமான கீச்சொலி. மேடையில் கேட்காது, வீட்டில் ரெக்கார்டிங் செய்பவர்களுக்கு எரிச்சலூட்டும். அவர்கள் ஒரிஜினலுக்கே காசு கொடுப்பது நல்லது.

பழுது பார்த்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். பிளந்த டயோடையும் வீங்கிய கெப்பாசிட்டரையும் கழற்றினோம். கருகிய போர்டை அப்படியே விடக்கூடாது. கரி மின்சாரத்தைக் கடத்தும். மேலே புது டயோடு வைத்தாலும் கீழே கசிந்து மறுபடி சூடேறும். கறுத்த இடத்தைப் பிளேடால் சுரண்டி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பிரஷ் நனைத்துத் தேய்த்து, அறுந்த டிராக்குக்குப் பதில் வயர் ஜம்பர் போட்டோம். புதுக் கெப்பாசிட்டர் 25 வோல்ட், 105 டிகிரி வகை. பத்து டிகிரி சூடு கூடினால் எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டரின் ஆயுள் பாதியாகும் என்பது எலக்ட்ரானிக்ஸில் பழைய கணக்கு. சென்னை மே மாதத்தில் 85 டிகிரி வகையைப் போட எனக்கு மனம் வரவில்லை. பாகங்களின் செலவு ஒரு காபி விலைக்குள் அடங்கியது. ஆன் செய்வதற்கு அடாப்டரைப் பயன்படுத்தவில்லை. கரண்டுக்கு எல்லை வைக்கக்கூடிய பெஞ்ச் பவர் சப்ளையில் 200 மில்லி ஆம்பியருக்கு மேல் போகாதபடி கட்டுப்படுத்திவிட்டு 12 வோல்ட் கொடுத்தோம். டிஸ்பிளே எரிந்தது, கிராண்ட் பியானோ டோன் வந்தது.

வாடை மட்டும் உடனே போகவில்லை. கீகளுக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஃபெல்ட் துணி புகையைக் குடித்து வைத்திருக்கும். நிழலில் ஃபேன் காற்றில் திறந்து வைத்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தணியும். வெயிலில் வைத்தால் பிளாஸ்டிக் கீ வளையும். சென்ட் அடிப்பவர்களையும் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம். மறுபடி கருகினால் அந்த வாடைதான் முதலில் எச்சரிக்கும், அதை மறைத்துவிடாதீர்கள்.

வாடையின் ரகமும் துப்புக் கொடுக்கும். அழுகிய மீன் போன்ற நாற்றம் என்றால் கெப்பாசிட்டர் கசிவைத் தேடுங்கள். வார்னிஷ் வாடை டிரான்ஸ்பார்மருடையது. மூக்கைச் சுடும் கூர்மையான வாடை ரெசிஸ்டரோ ஐசியோ. பல்லியோ கரப்பானோ உள்ளே புகுந்து கருகிக் கிடப்பதும் நம் ஊரில் உண்டு, திறந்தால்தான் தெரியும். பெட்டியிலிருந்து எடுத்த புதுக் கீபோர்டில் வரும் பிளாஸ்டிக் வாடை வேறு, அது சில நாளில் போகும். புகையோ சூடோ இல்லாவிட்டால் பயப்பட வேண்டாம். வாரண்டி இருக்கும் கருவியில் ஸ்க்ரூடிரைவரை வைக்கவே வேண்டாம். சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு போங்கள்.

மேலே சொன்னதெல்லாம் அடாப்டரில் ஓடும் கீபோர்டுக்கு. 230 வோல்ட் நேராக உள்ளே போகும் கருவிகளை வீட்டில் திறக்காதீர்கள். 1983-இல் வந்த யமஹா டிஎக்ஸ்7 போன்றவற்றில் டிரான்ஸ்பார்மர் உள்ளேயே இருக்கிறது. உள்ளேயே எஸ்எம்பிஎஸ் வைத்த கருவிகளில், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டர் 325 வோல்ட் வரை தேக்கி வைத்திருக்கலாம். தொட்டால் உயிருக்கே ஆபத்து. 1980-களின் பல கருவிகளில் ரீஃபா கம்பெனியின் காகித வகை கெப்பாசிட்டர் மின்சாரம் நுழையும் இடத்திலேயே இருக்கும். வயதாக வயதாக அதன் மேலுறை விரிசல் விட்டு, ஈரத்தை உறிஞ்சி, ஒருநாள் அறை முழுக்கப் புகையாக்கும். சில கருவிகளில் அது பவர் ஸ்விட்சுக்கு முன்னால் இருப்பதால், ஆஃப் செய்து வைத்திருந்தாலும் எரியும். ஜப்பானிலிருந்து வரும் பழைய கருவிகளில் முதுகில் 100 வோல்ட் என்று மட்டும் போட்டிருந்தால், ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் இல்லாமல் நம் பிளக்கில் சொருகவே கூடாது. நல்ல மெக்கானிக் இப்படிப்பட்ட கருவியை முதலில் சீரிஸ் பல்ப் வழியாகத்தான் ஓட்டுவார். 100 வாட் குண்டு பல்ப் பளிச்சென எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட். லேசாக மினுங்கி அடங்கினால் மேலே போகலாம். உங்கள் மெக்கானிக் அந்தப் பல்பை எடுக்காமல் நேராகச் சொருகினால் வேறு ஆளைப் பாருங்கள்.

திருவிழா மேடையில் இன்னொரு ஆபத்து ஜெனரேட்டர். மூன்று ஃபேஸ் ஜெனரேட்டரில் நியூட்ரல் வயர் கழன்றால், 230 வர வேண்டிய பிளக்கில் 400 வோல்ட் அருகே வரை ஏறலாம். அப்போது எந்த அடாப்டரும் தப்பாது. சவுண்ட் சர்வீஸ்காரர் லைன் கொடுத்ததும் மல்டிமீட்டரில் அளந்த பிறகே கீபோர்டைச் சொருகுங்கள். சில நூறு ரூபாய் மீட்டர் போதும்.

என் தீர்ப்பு இது. யுனிவர்சல் அடாப்டரைக் கீபோர்டுக்கு வாங்கவே வேண்டாம். இருந்தால் டார்ச் லைட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரிஜினல் கிடைத்தால் அதுவே முதல் தேர்வு. கிடைக்காவிட்டால் அதே வோல்ட், அதே பின் திசை, அதே அளவு அல்லது கூடுதல் ஆம்பியர் உள்ள எஸ்எம்பிஎஸ் அடாப்டர் நன்றாக வேலை செய்யும். ஆம்பியர் கூடினால் கெடுதல் இல்லை. குறைந்தால் அடாப்டர் கொதிக்கும். வாங்கும்போது பிஐஎஸ் முத்திரையும் ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். பிஐஎஸ் கேர் ஆப்பில் அந்த எண்ணைப் போட்டால் உண்மையா என்று கடையிலேயே தெரிந்துவிடும். வீட்டுக்கு வந்ததும் கீபோர்டின் முதுகில் ஜாக்குக்கு மேலே "12 வோல்ட், நடுப் பின் பிளஸ்" என்று, உங்கள் மாடலுக்கு எதுவோ அதை, மார்க்கரால் எழுதிவிடுங்கள். மேடையில் வயர் சொருகுவது எப்போதும் நீங்களாகவே இருக்கப் போவதில்லை.