தட்டுக்குக் கண் இல்லை!

சாத்தூர்க் கடைத்தெருவிலே, பழம்பொருள் விற்கும் கடையொன்றில், கருநிற இசைத்தட்டு ஒன்றைக் கண்டோம். கீறல் விழுந்த உடல். நடுவிலே மங்கிய வட்டச் சீட்டு. அந்தச் சீட்டிலே நிறுவனத்தின் பெயர் இன்னும் பளிச்சிட்டது. பாடியவர் பெயர் மட்டும் தேய்ந்து போயிருந்தது! தீப்பெட்டிப் படத்தாலே பெயர் பெற்ற சீமை நமது சீமை. படத்தைப் பார்த்துப் பெட்டியை வாங்குவோர், உள்ளே குச்சி அடுக்கிய விரல்களை நினைப்பதுண்டோ? இசைத்தட்டின் வரலாறும் அவ்வாறே எழுதப்பட்டு வருகிறது. முதல் போட்டவர் புகழ் முதற் பக்கத்தில். பாட்டுப் பாடியவர் பெயர் அடிக்குறிப்பில்!

கடல் கடந்த கதை ஒன்றைக் கேளுங்கள், தோழர்களே! செருமனியின் ஓடியன் நிறுவனத்துக்கு அமெரிக்காவிலே பொறுப்பாளராயிருந்த ஆட்டோ ஐன்மன் என்பார், 1918இல் ‘ஓக்கே’ என்ற இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கினார். கறுப்பின மக்களின் பாட்டைப் பதிவு செய்தால் வாங்குவார் யார் என்று அந்நாளில் இசை வணிகர்கள் ஏளனம் பேசினர். பெர்ரி பிராட்போர்டு என்ற கறுப்பினப் பாடலாசிரியர் விடாது வாதாடினார். 1920 ஆகஸ்டில் மேமி சுமித் என்ற பெண்மணி பாடினார். பருத்திக் காட்டிலே பிறந்த துயர இசையாம் ‘புளூசு’, கறுப்பினப் பெண்ணின் குரலிலே முதன்முதலாகத் தட்டில் ஏறியது. பல்லாயிரக் கணக்கில் விற்றது. ஏளனம் பேசிய வாய்கள் அடைத்துப் போயின; பணப்பெட்டிகள் திறந்துகொண்டன.

ஆனால், திறந்தது பெட்டிதான், நெஞ்சமன்று. மறு ஆண்டிலேயே கறுப்பின மக்களுக்கென்று தனி வரிசை, தனி எண், ‘இனத் தட்டுகள்’ என்று தனிப் பெயர்! உணவு விடுதியிலே தனிக் குவளை வைத்த நமக்கு இதை விளக்கவும் வேண்டுமோ? 1926இல் ஓக்கே கொலம்பியாவின் கைக்குச் சென்றது. 1946இல் மேமி சுமித் மறைந்தார். அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அவர் புதைகுழிக்குப் பெயர் பொறித்த கல்லும் இல்லை. விற்ற தட்டுகளுக்குக் கணக்கு இருந்தது. விளைவித்த குரலுக்குக் கல்லறை எழுத்தும் இல்லை!

அமெரிக்காவைப் பழிக்க விரல் நீட்டுமுன், நம் வீட்டுக் கூடத்தைப் பார்ப்போம். 1902 நவம்பரில் கல்கத்தாவிலே கௌஹர் ஜான் பாடினார். இந்நாட்டில் இசைத்தட்டுத் தொழில் அவர் குரலோடு விரிந்தது. 1908இல் கல்கத்தாவின் சியால்தாவில் தொழிற்சாலை எழுந்தது. உலகமெங்கும் தட்டு வார்க்கத் தேவைப்பட்ட அரக்கில் பெரும்பகுதி இந்நாட்டுக் காடுகளில் திரட்டப்பட்டது. திரட்டிய கைகளின் பெயரை எந்தச் சீட்டும் சொல்லவில்லை.

தமிழகத்திலே முதலில் தட்டில் பாட வந்தவர் யார்? சேலம் கோதாவரி, காஞ்சிபுரம் தனகோடி அம்மாள், பெங்களூர் நாகரத்தினம்மாள். இசையையே வாழ்வாகக் கொண்டு, சமுதாயம் இழித்துரைத்த குலத்திலே பிறந்த பெண்கள். மதுரை சண்முகவடிவின் மகள் சுப்புலட்சுமி 1926இல் பத்து வயதிலே பாடினார். இவர்களை வீட்டு வாசலிலே கண்டால் முகம் சுளித்த ‘பெரிய மனிதர்கள்’, இவர்தம் குரலைக் கூடத்திலே வைத்துக் கொண்டாடினர். குரல் உள்ளே, குரலுக்கு உரியவள் வெளியே! இதுதானே அன்றைய கலை நாகரிகம்?

மேடைக்குக் கண் உண்டு. அது முகம் பார்க்கும், குலம் கேட்கும். 1886இல் சிவகாசியிலே பிறந்த நாடகக் கலைஞர் விசுவநாததாஸ், மருத்துவர் குலத்தவர் என்பதற்காகவே அவரோடு நடிக்க மறுத்தோர் இருந்தனர். 1940ஆம் ஆண்டின் இறுதி நாளில் சென்னையிலே முருகன் வேடத்தில் மேடையிலேயே அவர் உயிர் துறந்தார். தட்டுக்கோ கண் இல்லை, காதுதான் உண்டு. எவர் பாடினாலும் ஏற்கும். அதனாலேயே, தட்டு சாதியை வென்றது என்று சிலர் புகழ்கின்றனர். இப்புகழுரையை நாம் மறுக்கிறோம். தட்டு குருடுதான், அதை விற்றவன் குருடனல்லன். காசு வரும் வழியை நன்றாகப் பார்த்தான்; கண்ணீர் வரும் வழியைப் பாராதிருந்தான். கதவைத் திறந்தது கருவி. இருக்கை தந்திருக்க வேண்டியது சமுதாயம். அது தரவில்லை.

ஆயினும், தட்டு செய்த நன்மையையும் மறைத்தல் நேர்மையன்று. கச்சேரி மேடை தெலுங்குக் கீர்த்தனைகளிலே திளைத்திருந்த காலத்தில், கிட்டப்பாவும் கொடுமுடி சுந்தராம்பாளும் பாடிய தமிழ்ப் பாடல்கள் தட்டேறித் தமிழகமெங்கும் ஒலித்தன. காரைக்குடியிலே தட்டு விற்ற மெய்யப்பச் செட்டியார், 1932இல் கூட்டாளிகளுடன் சென்னையில் சரசுவதி ஸ்டோர்ஸ் தொடங்கி, ஓடியன் முத்திரையிலே தமிழ்ப் பாட்டை வெளியிட்டார். ஓக்கேயை ஈன்ற அதே செருமனி நிறுவனத்தின் முத்திரை! 1943இல் தமிழிசைச் சங்கம் தோன்றுமுன்பே, தமிழனுக்குத் தமிழ்ப் பாட்டுத்தான் வேண்டும் என்று கடைத்தெரு தீர்ப்பளித்துவிட்டது. ஏழை எளியோரின் காது, பண்டிதர் சபையைவிட முந்தியது!

இங்கே நம் குறை ஒன்று உண்டு. அமெரிக்கப் பருத்திக் காட்டின் துயரம் தட்டிலே நின்றது. நம் கரிசல் பருத்திக் காட்டின் துயரம்? களையெடுப்புப் பாட்டும், தாலாட்டும், ஒப்பாரியும் பாடிய கிழவியர் எத்தனை பேர் வைப்பாற்றங் கரையிலே பெயரின்றி மறைந்தனர்! நம் வகுப்பிலே ஒருநாள், பாட்டி பாடிய பாட்டு எவருக்குத் தெரியும் என்று கேட்டோம். கைகள் உயர்ந்தன. பாட்டியின் பெயர் என்ன என்று கேட்டோம். உயர்ந்த கைகள் பல தாழ்ந்தன. ‘பாட்டி’ என்பதே பெயர் என்றெண்ணி வளர்ந்த பிள்ளைகள்! அவர்கள் குற்றமன்று, நம் குற்றம்.

இளைஞர்களே! இன்று ஒவ்வொருவர் கையிலும் கைப்பேசி உண்டு. பதிவு செய்ய ஓக்கேயும் வேண்டாம், ஓடியனும் வேண்டாம். உங்கள் ஊர்க் கிழவியின் முன்னே அமருங்கள். அவர் விரும்பிப் பாடினால் பதியுங்கள். பாட்டை எழுதுமுன் பாடியவர் பெயரை எழுதுங்கள். அவர் செய்த தொழிலை எழுதுங்கள். அந்தப் பெயர் தேயாமல் நிற்கட்டும்!