ஆயர் தீட்மாரின் ஏட்டில் குலமும் மந்தையும்

இடைக்கால ஜெர்மானியத் திருச்சபையைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் ஒரு பட்டியலோடு தொடங்குவர். முதலாம் ஓட்டோவின் தம்பி புரூனோ 953-இல் கொலோன் பேராயரானார். அவ்வாண்டிலேயே லொத்தரிங்கிய நாட்டின் ஆட்சியும் அவர் கைக்கு வந்தது. மறு ஆண்டில், திருமண உறவுக்கு வெளியே ஓட்டோவுக்குப் பிறந்த மகன் வில்ஹெல்ம் மைன்ஸ் பேராயரானார். இவ்வாறு நீளும் பட்டியலில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் அது வாசகனுக்கு வெறுப்பைத் தருமேயன்றி, அம்மனிதர்களின் உள்ளத்தைத் திறந்து காட்டாது. உள்ளத்தைக் காண விழைவோர்க்கு வேறொரு நூல் இருக்கிறது. மெர்ஸபர்க் நகரின் ஆயர் தீட்மார் 1012-க்கும் 1018-க்கும் இடையே இலத்தீனில் எழுதிய காலவரலாறு அது. எட்டுப் பிரிவுகள் கொண்டது.

தீட்மார் 975-இல் பிறந்தவர். தந்தை வால்பெக் கோமகன் சீக்பிரீட். தாய் குனிகுண்டே, ஸ்டாடே கோமகன் வீட்டுப் பெண். தந்தைவழிப் பாட்டனார் லொத்தார், 941-இல் ஓட்டோ மன்னருக்கு எதிராக நடந்த சதியில் பங்குகொண்டு, பின்னர் மன்னிப்புப் பெற்று, அதற்குப் பரிகாரமாக வால்பெக்கில் ஓர் ஆலயத்தையும் குருக்கள் குழுவையும் நிறுவினார். பாட்டனின் பரிகாரம் பேரர்களின் சொத்தாக மாறிவிட்டது. அக்குழுவின் தலைமைப் பதவி குடும்பத்தின் கையிலேயே இருந்தது.

இந்நூலின் வெளிப்படையான நோக்கம் மெர்ஸபர்க் மறைமாவட்டத்தின் நினைவைக் காப்பது. 968-இல் நிறுவப்பெற்ற அம்மறைமாவட்டம், தன் ஆயர் கிசிலர் மாக்டபர்க் பேராயராக உயரும்பொருட்டு 981-இல் கலைக்கப்பட்டு, 1004-இல் இரண்டாம் ஹென்றியால் மீண்டும் உயிர்பெற்றது. அதன் உரிமைகளைப் பதிவு செய்யத்தான் தீட்மார் எழுதுகோலை எடுத்தார். ஆனால் எழுதத் தொடங்கியதும் உறவினர் ஒவ்வொருவராக வந்து நிற்கின்றனர். அரசரின் படையெடுப்பைச் சொல்லிக்கொண்டே வந்தவர், சட்டென்று ஓர் அத்தையின் இறப்பைச் சொல்கிறார். இதனால் நூலுக்கு ஒழுங்கில்லை என்று சொல்லத் தோன்றும். கத்தோலிக்க வாசகனுக்கோ இது எளிதில் விளங்க வேண்டும். நவம்பர் மாதத்தில் நம் குடும்பத்து மரித்தோரின் பெயர்களைத் தாளில் எழுதிப் பூசைக்குக் கொடுக்கிறோமே, அந்த மனநிலையில் எழுதப்பட்ட நூல் இது. தமக்காகவும் தம் இனத்தாருக்காகவும் மன்றாடும்படி அவர் நம்மையே கேட்டுக்கொள்கிறார்.

அந்த மன்றாட்டுக்குக் காரணமும் வைத்திருக்கிறார். 1002-இல் வால்பெக் தலைமைப் பதவி தமக்குக் கிடைத்தது சித்தப்பாவுக்குக் கொடுத்த விலையினால்தான் என்று மறைக்காமல் எழுதுகிறார். திருப்பணியை விலைக்கு வாங்குவது சீமோனின் பாவம் என்பதை அறியாதவரல்லர். இன்னொரு செய்தி இதைவிட நெஞ்சைச் சுடுகிறது. தம் சகோதரரின் மனைவி இறந்தபோது, அவளை அடக்கம் செய்ய இடம் வேண்டி, தமக்கு முன் தலைவராயிருந்த குருவின் கல்லறையையே கலைத்துவிட்டார். பிறகு மனச்சான்று அவரை விடவில்லை. அதைப் பெரும் குற்றமென எழுதி வைத்தார். குடும்பத்துப் பெண்ணுக்கு இடம் தர ஒரு குருவின் எலும்புகள் விலக வேண்டியிருந்தது என்ற இந்த ஒரு நிகழ்ச்சி, பதவிப் பட்டியல்கள் பத்துச் சொல்லாததைச் சொல்லிவிடுகிறது. அதைச் செய்தவரே எழுதியிருக்கிறார் என்பதுதான் நூலின் பெருமை.

குலம் அவருக்குப் பதவியை மட்டும் தரவில்லை. அவரிடம் விலையும் கேட்டது. 994-இல் கடற்கொள்ளையர் அவருடைய தாய்மாமன்மாரைத் தாக்கினர். ஒருவர் மாண்டார், மற்றவர்கள் பிடிபட்டனர். மாமன் சீக்பிரீடுக்குப் பிள்ளை இல்லாததால், அவருக்குப் பதிலாகப் பிணையாக நிற்க அக்காள் மகன்களில் ஒருவனைக் கேட்டார்கள். துறவியாயிருந்த சகோதரரை அனுப்ப மடாதிபதி மறுத்துவிட்டார். மாக்டபர்க் பள்ளியில் இருந்த தீட்மார் புறப்பட வேண்டியதாயிற்று. நல்லவேளையாக மாமன் தப்பி வந்துவிட்டார். சினம்கொண்ட கொள்ளையர் எஞ்சிய பிணையாளர்களின் மூக்கையும் காதையும் கைகளையும் அறுத்தெறிந்தனர். குலமென்பது வெறும் செருக்கு என்று நினைக்கும் நாம் இப்பக்கத்தில் சற்று நின்று படிக்க வேண்டும். பத்தொன்பது வயது இளைஞனின் உடம்பே அவன் இனத்தாரின் பணயப் பொருள்.

1009-இல் அவரை மெர்ஸபர்க் ஆயராக்க ஹென்றி எண்ணியபோது, பேராயர் தாகினோ அரசரின் சார்பில் ஒரு கேள்வி கேட்டார்: உமது பரம்பரைச் சொத்தில் ஒரு பகுதியை இந்த ஆலயத்துக்குத் தருவீரா? தீட்மார் உறுதி கூறாமல், இயன்றதைச் செய்வேன் என்ற அளவில் பணிவாக விடையளித்தார். செல்வக்குடிப் பிறப்பை அரசர் ஏன் விரும்பினார் என்பதற்கு இதைவிட நேரான சான்று கிடைப்பது அரிது. அதே ஆண்டில் வறிய பாடர்போர்ன் மறைமாவட்டம் மைன்வெர்க்குக்குக் கிடைத்த கதையும் இத்தகையதே. இவ்வளவு ஏழ்மையான இடமா என்று அவர் கேட்க, அதனால்தான் உம்மைத் தேர்ந்தேன் என்றாராம் அரசர். அக்கதை பன்னிரண்டாம் நூற்றாண்டில் எழுதப்பட்டது, வளர்ந்திருக்கலாம். தீட்மார் தம்மைப் பற்றிச் சொன்னதில் அந்த ஐயத்துக்கு இடமில்லை.

இவ்வளவும் பாராட்டிய பின் குறையையும் சொல்லியாக வேண்டும். தீட்மார் விலை கொடுத்ததற்கு வருந்தினாரே தவிர, பிறப்பே தகுதியாக இருந்ததற்கு ஒருபோதும் வருந்தவில்லை. எளிய குடியில் பிறந்த வில்லிகிஸ் 975-இல் மைன்ஸ் பேராயரானதையும், அவர் பிறப்பைக் காட்டிப் பலர் எதிர்த்ததையும் அவர் எழுதுகிறார். இறைவன் அவரை முன்பே தேர்ந்திருந்தார் எனக் காட்ட, அத்தாய் கண்ட ஒரு கனவையும் சேர்க்கிறார். நல்ல மனந்தான். ஆனால் ஏழைத் தாயின் மகன் பேராயராக வானத்திலிருந்து அடையாளம் வேண்டியிருக்கிறது. கோமகன் மகனுக்கு அது தேவைப்படவில்லை!

மெர்ஸபர்க்கின் முதல் ஆயர் போசோவைப் பற்றிய பகுதியில் இக்குறை இன்னும் தெளிவாகிறது. ரேகன்ஸ்பர்க் மடத்துத் துறவியான போசோ, ஸ்லாவ் மக்களுக்கு அவர்கள் மொழியிலேயே போதிக்க அச்சொற்களை எழுதி வைத்துக்கொண்டார். 'ஆண்டவரே இரக்கமாயிரும்' என்று பொருள்படும் கிரேக்க மன்றாட்டைப் பாடவும் கற்பித்தார். மக்களோ அதைத் திரித்து, புதரிலே மரம் நிற்கிறது என்று தங்கள் மொழியில் பொருள் வரும்படி பாடிக் கேலி செய்தார்கள். எத்துணை அருமையான காட்சி! மந்தை குரலெழுப்பும் மிகச் சில இடங்களுள் இதுவும் ஒன்று; அதுவும் ஏளனக் குரல். தீட்மார் அம்மக்களின் சொற்களை அறிந்தவர். அவற்றுக்குப் பொருளும் கூறுகிறார். இருந்தும் போலந்து மக்களைப் பற்றிப் பேசுகையில் எருதையும் கழுதையையும் நடத்துவதுபோல் நடத்தவேண்டிய இனம் என்கிறார். உறவினருள் கடைசி மனிதர்வரை பெயர் சொல்லி நினைவுகூர்ந்த கை, தம் மறைமாவட்டத்து உழவன் ஒருவனையும் அவ்வாறு நம் முன் நிறுத்தவில்லை.

மாற்று வழி அவருக்குத் தெரியாததன்று. அவருடைய உறவினரும் பள்ளித் தோழருமான குவேர்பர்ட் புரூனோ, மற்றவர்கள் விளையாடும் நேரத்தில் செபித்துக்கொண்டிருந்ததை அவரே அன்போடு நினைவுகூர்கிறார். தீட்மார் ஆயரான அதே 1009-இல் புரூனோ பிரஷ்ய எல்லையில் பதினெட்டுத் தோழரோடு மறைசாட்சியாய் மாண்டார். அவ்வுடல்களைப் போலந்து மன்னர் போலஸ்லாவ் தம் வீட்டுக்குக் காவலாக விலைகொடுத்து வாங்கினார் என்கிறார் தீட்மார். மறைசாட்சியின் உடலும் ஒரு குடும்பத்தின் காப்பாகிவிட்டது. இதை எழுதும்போது அவருக்கு வால்பெக் நினைவுக்கு வந்ததா என்று நூல் சொல்லவில்லை.

பின்னாளில் திருத்தந்தையர் போராடி, 1122-இல் வோர்ம்ஸ் உடன்படிக்கையின் வழியாக, மோதிரமும் ஆயர்கோலும் தந்து ஆயரை அமர்த்தும் உரிமையை அரசரிடமிருந்து மீட்டனர். அரசர் விலகினார், குலம் விலகவில்லை. ஆயரைத் தேர்ந்தெடுக்கும் பேராலயக் குருமன்றங்கள் பலவற்றில் உயர்குடிப் பிறப்புக்குச் சான்று கேட்கும் வழக்கம் வலுப்பெற்று, 1803-இல் ஆயர்களின் ஆட்சிநிலங்கள் பறிக்கப்படும்வரை நீடித்தது.

தீட்மார் 1018 டிசம்பர் 1-இல், நாற்பத்து மூன்றாம் வயதில் காலமானார். அவர் கைப்பட்ட மூல ஏடு டிரெஸ்டன் நகரில் இருந்தது. 1945-இல் அந்நகர் குண்டுவீச்சுக்கு உள்ளானபோது பெரிதும் சிதைந்தது. அதற்கு முன்பே எடுத்து வெளியிட்ட நிழற்படப் பதிப்பால் இன்றும் அதைப் படிக்க முடிகிறது. அவர் மறைந்தபின், தம்பி சீக்பிரீட் 1022-இல் மியூன்ஸ்டர் ஆயரானார். மற்றொரு தம்பி புரூனோ 1034-இல் வெர்டன் ஆயரானார்.